கையடக்க மீயொலியா, கள மீயொலியா?

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளி இருக்கும் இடத்திலேயே செய்யும் அல்ட்ராசவுண்டு பரிசோதனைக்கு (point-of-care ultrasound) “கையடக்க மீயொலி” என்னும் பெயர் பரிந்துரைக்கப்பட்டுள்ளது; அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அது கருவியின் அளவைச் சொல்கிறது. நாம் பெயர் தேடுவதோ ஒரு செயலுக்கு. அல்ட்ராசவுண்டைக் குறிக்கும் “மீயொலி” நம் பள்ளிப் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட சொல் என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. முன்னே வரும் அடைதான் சிக்கல்.

ஏற்காட்டுத் தோட்டமொன்றில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் தவறி விழுந்துவிட்டதாகக் கொள்வோம். ஆம்புலன்ஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தை அடைய வேண்டும். வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா என்பது வெளியே தெரியாது. கருவியும் பயிற்சியும் உள்ள ஒருவர் உடனிருந்தால், கல்லீரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடையிலும், மண்ணீரலைச் சுற்றியும், அடிவயிற்றிலும், இதய உறையிலும் மட்டும் பார்ப்பார். தேங்கிய இரத்தம் ஒலியை எதிரொலிக்காததால் திரையில் கருமையாகத் தெரியும். ஓடும் வண்டியின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பால் கேட்க முடியாத நுரையீரல் அசைவையும் இதில் கண்ணால் பார்த்துவிடலாம். கருமை தெரியாததாலேயே கசிவு இல்லை என்று முடிவுகட்ட இயலாது. பார்ப்பதற்காக வண்டியை நிறுத்தி வைக்கவும் கூடாது. ஆனால் தெரிந்துவிட்டால், இரத்தமும் அறுவை அரங்கும் ஆயத்தமாக இருக்கும்படி மருத்துவமனைக்கு வழியிலிருந்தே சொல்லிவிடலாம்.

நாம் “ஸ்கேன் எடுப்பது” என்று சொல்லும்போது, ஒரு மையத்துக்குப் போய், படம் எடுத்து, அறிக்கையோடு திரும்புவதையே நினைக்கிறோம். இங்கே நோயாளி இருக்கும் இடத்திலேயே, சிகிச்சை தருபவரே, ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடிப் பார்க்கிறார். அந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்ட சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கையில் அடங்கும் கருவிக்கும் பொருந்தும். ஆகவே கருவியின் பெயரும் அதைக்கொண்டு செய்யும் அவசரப் பரிசோதனையின் பெயரும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

“படுக்கையருகு மீயொலி” மருத்துவமனைக்குள் பொருந்தும். சாலையோரத்தில் படுக்கை ஏது? ஆகவே “கள மீயொலி” என்பதை முன்மொழிகிறேன். கள ஆய்வு, களப்பணி என்று பழகிய அடை இது. களம் போரை நினைவூட்டுகிறது என்று ஒரு நண்பர் மறுத்தார். இவ்வகைக் கருவி 1990களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியுதவியோடு போர்முனைக்கென உருவானது என்பதால் அந்த நினைவு தவறில்லை. மேலும் எங்கள் பக்கத்தில் நெல் அடிப்பதும் காப்பிக்கொட்டை உலர்த்துவதும் களத்தில்தான். கருவியைக் குறிக்கக் “கையடக்க மீயொலிக் கருவி” இருக்கட்டும்.

எழுதும் முறையில் மட்டும் ஒரு கவனம் தேவை: சேர்த்துக் “களமீயொலி” என்று எழுதினால் களம், ஈயொலி என்று பிரித்துப் படிக்க இடமுண்டு என்பதால், இடைவெளி விட்டே எழுத வேண்டும்.