மலக்குழி மரணம் பற்றி ஒரு நடனக் குறும்படம்: அபிநயம் மிகையாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்?

மதுரைக்காரி:
நானும் தோழிகள் மூன்று பேரும் பரதம் கற்றவர்கள். மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றி ஐந்து நிமிடத்துக்குள் ஒரு நடனப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறோம். மேடைக்கு அமைப்பது மாதிரியே அமைத்து, மொட்டை மாடியில் ஒத்திகையைப் போனில் பிடித்துப் பார்த்தால் சோகம் வரும் இடமெல்லாம் ஒரே நாடகத்தனம், ஒருத்தி நெற்றியைச் சுருக்கி அழும் குளோசப்பைப் பார்த்து என் தம்பி சிரித்தே விட்டான். முத்திரைகளும் எத்தனை பேருக்குப் புரியுமோ தெரியவில்லை. எல்லாவற்றையும் பாட்டு வரியிலேயே சொல்லிவிடலாமா?

நிழற்குடை:
வேண்டாம். பாட்டிலும் சொல்லிக் கையிலும் காட்டினால் அலுத்துவிடும். மேடை அபிநயம் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று பழகியது. கேமரா முகத்துக்கு இரண்டடியில் நிற்கிறது, கண் ஒரு தரம் தாழ்ந்தாலே போதும். பெரிய அசைவுகளை முழு உடம்பும் தெரியும் ஷாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரைக்குப் பதில் அந்த வேலையின் அசைவையே எடுங்களேன். மூடியைக் கம்பியால் நெம்புவது, கயிற்றைப் பிடிப்பது, வாளியை மேலே நீட்டுவது. அரைமண்டியிலிருந்து (முட்டியைப் பாதி மடித்த நிலை) முழுமண்டிக்கு (முழுதாகக் குந்திய நிலை) இறங்கட்டும், கேமரா கூடவே இறங்காமல் அதே உயரத்தில் நிற்க, தலை ஃபிரேமை விட்டு மறைந்துவிடும். ஜதி, அதாவது தாளச் சொற்கட்டு, அது பாட்டுக்கு ஓடட்டும், ஆள் மட்டும் திரும்பி எழவே வேண்டாம்.

அப்புறம் எடிட்டிங். அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் மாயா டெரன் 1945-இல் எடுத்த ஒரு குட்டி நடனப் படத்தில் ஆடுபவர் காட்டில் காலைத் தூக்குவார், அது வீட்டுக்குள் வந்து இறங்கும். உங்கள் மேடையில் தூக்கிய கால் குழிக்குள் இறங்கினால்?

பறைச்சத்தம்:
எல்லாம் சரி, யார் ஆடுகிறீர்கள், யாரைப் பற்றி ஆடுகிறீர்கள்? மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்தாயிற்று, சாக்கடையில் இறப்பவருக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது, சாவு மட்டும் நிற்கவில்லை. இதில் போய் 'ஐயோ பாவம்' என்று முகம் காட்டினால் எரிச்சல்தான் வரும். முதலில் அந்த வேலை செய்பவர்களிடம், ஆளை இழந்த குடும்பங்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சைல்டிஷ் காம்பினோவின் 'திஸ் இஸ் அமெரிக்கா' (2018) பாட்டு வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஆட்டம், பின்னால் கலவரம், நம் கண் ஆட்டத்திலேயே ஒட்டிக்கொள்ளும், குற்றச்சாட்டே அதுதான். நீங்களும் பட்டு, நகை, தலைச்சாமான் எல்லாம் போட்டு முன்னால் அழகாக ஆடுங்கள், பின்னால் ஒருவர் குழிக்குள் இறங்கட்டும். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

மதுரைக்காரி:
இது வேறு படமாகவே மாறிவிட்டது! அழும் காட்சி போயிற்று, பாட்டும் வேண்டாம், ஜதி மட்டும். தூய்மைப் பணியாளர் சங்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், படப்பிடிப்பைத் தள்ளிவைத்துவிட்டு அவர் மூலமாகப் போய்ப் பேசுகிறோம். ஒரு சந்தேகம்: முழுமண்டிக்கு இறங்குவதை ஸ்லோமோஷனில் வைத்தால் தாளம் தப்பாதா?

ரீல்சுற்றி:
தப்பாது. படம் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அந்த ஷாட்டை மட்டும் 50-இல் எடுங்கள், ஸ்பீக்கரில் ஜதியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அதற்கே ஆடுங்கள். எடிட்டில் பாதி வேகமாக்கும்போது அசல் ஜதியோடு சேர்ந்துவிடும், ஆனால் இரட்டை வேகத்தில் முழுமண்டி முட்டியைப் பதம் பார்க்கும், நாலு டேக்குக்கு மேல் போகாதீர்கள். சலங்கைச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், மொட்டை மாடிக் காற்றில் போன் மைக் ஒன்றுக்கும் ஆகாது.