கடையை விட்டு ஒரு நாள் வெளியே வர வழி சொல்லுங்கள்

வணக்கம். செங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் தென்காசியிலும் ஒன்று திறந்தேன். வளர வேண்டும் என்ற ஆசைதான், அதில் தப்பில்லை. ஆனால் அம்மா போனபின் என்னை வளர்த்த சித்தியைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது.

சித்தி இருப்பது கேரளத்துப் புனலூரில். 1956 வரை எங்கள் ஊரும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான், அதனால் பாதி சொந்தம் மலைக்கு அந்தப்புறம். 2018-இல் அகலப்பாதையில் ரயிலும் திரும்ப வந்துவிட்டது. ஐம்பது கிலோமீட்டர்தான், தூரத்தைக் குறை சொல்ல முடியாது.

தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்வார். கல்லாவில் நின்றபடியே "அப்புறம் பேசுறேன் சித்தி" என்பேன். ஓணத்துக்கு ஒருவரிடம் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்துவிட்டிருந்தார். நேற்று மேஜை டிராயரில் கிடைத்தது, கட்டிய நூல்கூடப் பிரிக்காமல். சிக்கு வாடை அடித்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

இரண்டு கடை நடத்துபவர்கள் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் சாவியையும் கல்லாவையும் யாரிடம் விடுகிறீர்கள்? ஞாயிறு அடைத்தால் கொத்தனார்கள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்களா? அப்புறம், காலையில் புனலூர் போய் இரவுக்குள் திரும்ப எந்த ரயில் வசதி? இந்த ஞாயிறே கிளம்ப நினைக்கிறேன்.