பேஸ் கிட்டார் பெடல்களில் ‘எக்ஸ்-ஓவர்’: மெலிவுக்காப்பா, அடிக்காப்பா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பேஸ் கிட்டாருக்கென்றே வரும் கோரஸ், ஃபிளாஞ்சர் பெடல்கள் (காலால் இயக்கும் ஒலிமாற்றுப் பெட்டிகள்) சிலவற்றில் கூடுதலாக ஒரு குமிழோ பொத்தானோ இருக்கும். பாஸ் நிறுவனத்தின் சிஇபி-3இல் அது ‘லோ ஃபில்டர்’. எம்எக்ஸ்ஆர் பேஸ் கோரஸ் டீலக்ஸிலும் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பேஸ் குளோனிலும் ‘எக்ஸ்-ஓவர்’. பெடல் வாங்குபவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஆனால் இதற்குத் தமிழில் சொல் இல்லை. ‘தாழ் வடிப்பான்’ என்றால் தாழ்வொலியை வடித்துக் கொட்டிவிடும் கருவி என்றே படிப்பவர் நினைப்பார். நடப்பது அதற்கு நேர்மாறு: தாழ்வொலி அழியாமல் காப்பதே இதன் வேலை.

காரணம் இதுதான். கோரஸ், ஃபிளாஞ்சர் இரண்டுமே மூல ஒலியோடு, சில மில்லிவிநாடி தாமதித்த அதன் நகலைச் சேர்க்கின்றன. தாமதம் ஒரு சுரத்தின் அலைவு நேரத்தில் சரிபாதியானால், முகடும் அகடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அந்தச் சுரம் அழியும். திறந்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ், அதன் பாதி அலைவு நேரம் 12.1 மி.வி. ஏ கம்பிக்கு 9.1, டி கம்பிக்கு 6.8, ஜி கம்பிக்கு 5.1. ஆக, 1 முதல் 10 மி.வி. வரை ஊசலாடும் ஃபிளாஞ்சர் ஒரே சுற்றில் ஜி, டி, ஏ மூன்றின் அடிச்சுரத்தையும் (கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணையும்) விழுங்கிவிடும். சாதாரண கிட்டாரில் இப்படி நடந்தால் கீழே தாங்கிக்கொள்ள பேஸ் இருக்கிறது. பேஸுக்குக் கீழே எதுவும் இல்லை.

என் பரிந்துரை ‘மெலிவுக்காப்பு’. மெலிவு, சமன், வலிவு என்பவை தமிழிசையில் கீழ், நடு, மேல் என்ற மூன்று நிலைகளுக்கும் உரிய பழைய சொற்கள்.

மறு: மெலிவுக்காப்பு

> மெலிவு, சமன், வலிவு என்பவை

ஐயா, சொல் அருமையானதுதான். ஆனால் பெடலின் மேல் ஒட்டினால் பொருள் தலைகீழாகும். இந்தக் கோளாறு வரும்போது வாசிப்பவர் சொல்வதே “ஒலி மெலிந்துபோச்சு” என்பதுதான். ‘மெலிவுக்காப்பு’ என்றால் மெலிவைக் காப்பதா, மெலிவிலிருந்து காப்பதா என்று அவர் குழம்புவார். ‘அடிக்காப்பு’ என்று வைக்கலாமே. அடித்தளம், அடிமண், அடிக்குரல் எல்லாம் நாம் அன்றாடம் புழங்குபவை. தாளத்து அடியோடு குழம்பாதா என்று கேட்கலாம். ‘காப்பு’ சேர்ந்ததுமே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்று. இவ்வகைப் பெடல்களுக்குத் தலைப்பாகப் ‘பண்பேற்றம்’ (மாடுலேஷன்) வேண்டாம். பாடநூலில் அது செய்தியை ஊர்தி அலைமேல் ஏற்றுவது. இங்கே ஏற்றுவது எதுவும் இல்லை. மெதுவான ஓர் அலையியற்றி தாமதத்தையோ வீச்சையோ அசைத்துக்கொண்டே இருக்கிறது. ‘அசைவூட்டம்’ போதும்.

மறு: மறு: அடிக்காப்பு

‘அடிக்காப்பு’ எனக்கும் சம்மதம். வரையறையை மட்டும் இறுக்கமாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் ‘பிளெண்ட்’ குமிழையும் அதே பெயரில் அழைத்துவிடுவார்கள். அதற்குக் ‘கலப்பு’ என்றே பெயர் இருக்கட்டும். கலப்பு, நகலின் அளவை மட்டுமே மாற்றுகிறது. மூலமும் நகலும் சமமாக இருக்கும்போதுதான் பள்ளம் (சுரம் அழியும் இடம்) மிக ஆழம். நகலைப் பாதியாகக் குறைத்தாலும் அந்தச் சுரம் 6 டெசிபல் இறங்கும். கால் பங்காக்கினால் இறக்கம் 2.5 டெசிபல்தான், ஆனால் அப்போது கோரஸே காதில் விழாது. அடிக்காப்பு அப்படியல்ல: நகலின் பாதையில் மட்டும் தாழ்வொலியை நீக்குகிறது, மூலம் முழுதாகப் போகிறது.

எல்லையையும் குறிப்பிடுங்கள். நகலில் தாழ்வொலியை நீக்கத் தொடங்கும் பிரிப்பு 100 ஹெர்ட்ஸில் என்றால் ஜி (98) உட்படத் திறந்த கம்பிகள் நான்கின் அடிச்சுரங்களும் அதற்குக் கீழே வரும். ஆனால் வடிப்பான் கத்தியால் வெட்டியதுபோல் வெட்டாது. ஒருபடி வடிப்பான் 50 ஹெர்ட்ஸில் 7 டெசிபல்தான் குறைக்கும், இருபடி 12. 98 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபல்தான், அதனால் ஜி கம்பியில் ஓரளவு அசைவு கேட்கவே செய்யும். அது பெடலின் பழுதல்ல.

மறு: மறு: மறு: அடிக்காப்பு

ஃபேஸருக்கும் டிரெமெலோவுக்கும் இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். ஃபேஸர் தாமதத்துக்குப் பதில் அலையின் கட்டத்தை மாற்றுவது; நான்கு படிகள் கொண்ட ஃபேஸரில் இரண்டே பள்ளங்கள். பெரும்பாலும் அவை நடு அதிர்வெண்களில் உலவும். டிரெமெலோ மொத்த ஒலியளவையே ஏற்றி இறக்குவதால் அங்கே காக்க வேண்டிய அடி என்று தனியாக எதுவும் இல்லை.

இந்தச் சொல்லுக்கான பதிவில் சோதனை முறையையும் சேர்த்தால் வாங்குபவருக்கு உதவும். வேகத்தைக் கடைசிவரை குறைத்து, ஆழத்தை முழுதாக வைத்து, திறந்த ஈ, ஏ, டி கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டி அணையவிடுங்கள். ஒரு சுற்றில் எங்காவது அடிச்சுரம் காணாமல் போய்த் திரும்பினால் அந்தப் பெடலில் அடிக்காப்பு இல்லை, அல்லது போதவில்லை. சிறிய பயிற்சி ஆம்ப்ளிஃபயரில் சோதிக்காதீர்கள். 41 ஹெர்ட்ஸை அது முதலிலேயே தராது, எல்லாப் பெடலும் தேறிவிடும்.

வேகத்தைக் கூட்டினால் சுருதி விலகலும் கூடும். தாமதம் ±2 மி.வி. ஆடினால் 1 ஹெர்ட்ஸ் வேகத்தில் விலகல் 22 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), 2 ஹெர்ட்ஸில் 43. இதற்கு அடிக்காப்பு ஓரளவுதான் உதவும். ஆழத்தைக் குறைப்பதே வழி. அந்தக் குமிழுக்கு ‘ஆழம்’ என்பதா, ‘அசைவளவு’ என்பதா? நான் ‘அசைவளவு’ பக்கம்.