டை சுவிட்சை மூடும் படி நிறைவேறவில்லை. நடக்காத மின்தடையை மென்பொருள் காட்டுகிறது

கேள்வி

வணக்கம். மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிகிறேன். மின்தடை மேலாண்மை மென்பொருளில் சுவிட்சிங் படிகளைத் தனியாக நடத்தத் தொடங்கி இரண்டு மாதங்களே ஆகின்றன. இன்று ஒரு திட்டமிட்ட பணியின் நடுவில் நிற்கிறேன்.

முதல் ஃபீடரில் (துணைமின் நிலையத்திலிருந்து நுகர்வோருக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் லைனில்) பிரேக்கரை அடுத்து 'அ' சுவிட்ச், பிறகு பராமரிப்பு நடக்க வேண்டிய முதற்பகுதி, பிறகு 'ஆ' சுவிட்ச், அதற்கப்பால் நுகர்வோர் உள்ள இரண்டாம் பகுதி, அதன் கோடியில், இரு ஃபீடர்களை இணைக்கக்கூடிய, வழக்கமாகத் திறந்தே இருக்கும் டை சுவிட்ச். அதன் மறுபுறம் இரண்டாம் ஃபீடர். மூன்றுமே சுமையோடு இயக்கத்தக்க லோடு பிரேக் சுவிட்சுகள். டை சுவிட்சை மூடி, 'ஆ'வைத் திறந்து, பின்னர் 'அ'வைத் திறந்து, மின்னழுத்தம் இல்லையென்று சோதித்து, முதற்பகுதியை இருமுனையிலும் எர்த் செய்து (நிலத்தோடு இணைத்து), பணியைத் தொடங்குவதற்கான பெர்மிட் வழங்க வேண்டும்.

டை சுவிட்சை மூடிவிட்டதாகக் களப்பணியாளர் தெரிவித்த பிறகும், மென்பொருளில் அந்தப் படி 'அறிவுறுத்தப்பட்டது' என்ற நிலையிலேயே நின்றது. களத்தில் வேலை முடிந்துவிட்டதே என்று எண்ணி, அடுத்த படியாக 'ஆ'வைத் திறக்கச் சொல்லி, அதை நிறைவேற்றினேன். உடனே இரண்டாம் பகுதி முழுவதும் மின்சாரம் இழந்ததாக நிறம் மாறியது. 340 நுகர்வோருக்கு மின்தடை என்று புதிய நிகழ்வும் உருவானது. ஆனால் ஒரு புகார் அழைப்புகூட வரவில்லை. நின்றுபோன படியைச் 'சாதனத்தை இயக்காமல் நிறைவேற்று' என்று முடித்துவிட்டு மேலே செல்லலாமா? 'அ' இன்னும் திறக்கப்படவில்லை.

மறுமொழி

வேண்டாம். எந்தப் படியையும் தொடாமல், களத்தில் உள்ளவர்களிடம் "அடுத்த உத்தரவு வரும்வரை எதையும் இயக்க வேண்டாம்" என்று சொல்லி, அவர்கள் அதைத் திருப்பிச் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பணியைத் தாமதப்படுத்துவதால் ஏற்படும் இழப்பு சிறியது.

இன்னொரு மறுமொழி

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். காரணத்தையும் பார்த்துவிடுவோம். உங்கள் டை சுவிட்ச் ஸ்காடாவுடன், அதாவது தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்புடன், இணைக்கப்பட்டது என்றே தோன்றுகிறது. கையால் மட்டும் இயக்கப்படும் சாதனமாக இருந்தால், நீங்கள் பதிவு செய்தவுடன் படி முடிந்துவிடும். தொலைஅளவீடு உள்ள சாதனத்தில், களத்திலிருந்து நிலையை அனுப்பும் கருவியான ஆர்.டி.யு.விலிருந்து மூடிய நிலை வந்து சேரும்வரை மென்பொருள் காத்திருக்கும். ஆகவே அந்தத் தகவல் வழியில் எங்கோ தடைபட்டிருக்கிறது.

முதலில், அந்த சுவிட்சின் நிலையைக் காட்டும் புள்ளியில் யாரேனும் கைமுறை மதிப்பு (களத் தகவலுக்குப் பதிலாகக் கையால் இடும் நிலை) இட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியிருந்தால், களத்திலிருந்து எத்தனை முறை சரியான நிலை வந்தாலும் வலையமைப்பு மாதிரிக்குள், அதாவது மென்பொருள் வைத்திருக்கும் மின்வலையின் படத்துக்குள், அது நுழையாது. அடுத்ததாக, வந்துகொண்டிருக்கும் மூல மதிப்பைப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்துவது ஐ.இ.சி. 60870-5-104 என்ற தகவல்தொடர்பு நெறிமுறையானால், சுவிட்ச் நிலையை இரண்டு பிட்டுகளில் தரும் இரட்டைப் புள்ளித் தகவலில் 01 என்பது திறந்த நிலை, 10 என்பது மூடிய நிலை. 00 என்று நின்றால் சாதனம் இடைநிலையில் உள்ளது, அல்லது நிலையைத் தெரிவிக்கும் அதன் துணைத் தொடர்பு பழுதாகியிருக்கிறது என்று கருத வேண்டும்.

அழைப்பு வரவில்லை என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். 'ஆ' திறந்த நேரத்தில் இரு ஃபீடர்களின் ஆம்பியர் அளவுகளும் எப்படி மாறின என்று பாருங்கள். டை சுவிட்ச் உண்மையிலேயே மூடியிருந்தால், அந்த நேரத்துக்குள் இரண்டாம் பகுதியின் சுமை முதல் ஃபீடரில் குறைந்து, ஏறத்தாழ அதே அளவு இரண்டாம் ஃபீடரில் கூடியிருக்க வேண்டும். எந்தக் குறியீட்டையும்விட இந்தச் சான்றையே நான் நம்புவேன்.

இனி, நீங்கள் கேட்ட அந்தத் தெரிவைப் பற்றி. அதைப் பயன்படுத்தினால் படிக்கு எதிரே 'நிறைவேறியது' என்று வரும். மாதிரியில் டை சுவிட்ச் திறந்தே இருக்கும். அதாவது, இரண்டாம் ஃபீடரிலிருந்து உயிரோட்டத்துடன் இருக்கும் ஒரு பகுதியை மென்பொருள் செத்த பகுதியாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எர்த் படியை அனுமதிக்கலாமா என்ற சோதனையை மென்பொருள் அந்த மாதிரியை வைத்துத்தான் செய்கிறது. 'ஆ'வின் ஒருபுறம் எர்த் செய்ய வேண்டிய முதற்பகுதி. மறுபுறம் மின்சாரம் ஓடும் இரண்டாம் பகுதி. தவறிப்போய் மறுபுறத்தைத் தேர்ந்தெடுத்தால், மற்ற நாட்களில் மென்பொருள் தடுத்திருக்கும், இன்று தடுக்காது. உயிரோட்டமுள்ள லைனில் எர்த்தை மூடுவது மூன்று ஃபேஸ்களையும் குறுக்குச்சுற்றாக்குவதாகும். அங்கே நிற்பவர் ஒரு மனிதர் என்பதை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இரண்டாம் ஃபீடரின் சுமைக் கணக்கிலும் இந்தப் பகுதி சேராது என்பதால், மிகைச்சுமை எச்சரிக்கையையும் நம்ப முடியாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. களத்தை நிறுத்திவிட்டேன். நீங்கள் சொன்னபடியே, டை சுவிட்சில் 18 நாட்களுக்கு முன் ஆர்.டி.யு. மாற்றியபோது 'திறந்தது' என்று கைமுறை மதிப்பு இடப்பட்டு, பின்னர் நீக்கப்படாமலேயே இருந்திருக்கிறது. மூல மதிப்பு 10 என்று வருகிறது. முதல் ஃபீடரில் 62 ஆம்பியர் குறைந்து, இரண்டாவதில் 60 ஆம்பியர் கூடியிருக்கிறது. இப்போது கைமுறை மதிப்பை நீக்கிவிடலாமா? உருவான மின்தடை நிகழ்வை 'மீட்கப்பட்டது' என்று மூடலாமா?

மறுமொழி

நீக்கலாம், ஆனால் அதற்கு முன், டை சுவிட்சின் எண்ணையும் அதன் இயந்திரக் குறிகாட்டி காட்டும் நிலையையும் நேரில் பார்த்துப் படித்துச் சொல்லுமாறு களப்பணியாளரைக் கேளுங்கள். பொறுப்பு அலுவலரின் ஒப்புதலோடு, காரணத்தைக் குறிப்பில் எழுதிவிட்டு நீக்குங்கள். இரண்டாம் பகுதி உயிரோட்ட நிறத்துக்குத் திரும்பி, அதன் மின்மூலம் இரண்டாம் ஃபீடர் என்று காட்ட வேண்டும்.

பிறகு படியின் நேரத்தைக் கவனியுங்கள். நீங்கள் பொத்தானை அழுத்தும் நேரத்தை மென்பொருள் தானாக இட்டுக்கொள்ளும். அதை ஏற்காமல், களத்தில் டை சுவிட்ச் மூடப்பட்ட நேரத்தையே இடுங்கள். இல்லையென்றால் 'ஆ' திறந்த பிறகே டை மூடியதாகப் பதிவாகி, அந்த இடைவெளி முழுவதற்கும் 340 பேருக்கும் மின்தடை என்று மீண்டும் கணக்காகும்.

நிகழ்வை 'மீட்கப்பட்டது' என்று மூடாதீர்கள். அப்படி மூடினால், ஒரு தடை நேர்ந்து அது சரிசெய்யப்பட்டது என்று பொருளாகிவிடும். ஐ.இ.இ.இ. 1366 தரநிலைப்படி 5 நிமிடத்துக்கு மேற்பட்டது நீடித்த தடை. உங்கள் நிகழ்வு அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும் என்பதால், நடக்காத ஒரு தடை சைடி (நுகர்வோருக்குச் சராசரி தடை நேரம்), சைஃபி (சராசரி தடை எண்ணிக்கை) குறியீடுகளில் ஏறிவிடும். 'தவறான பதிவு' என்ற காரணத்தோடு ரத்து செய்யுங்கள். நுகர்வோருக்குத் தானியங்கிக் குறுஞ்செய்தி போயிருந்தால் திருத்தச் செய்தியும், பழுது பார்க்கும் குழு அனுப்பப்பட்டிருந்தால் திரும்ப அழைப்பும் தேவை.

கேள்வி கேட்டவர்

எல்லாம் சொன்னபடியே நடந்தது. கைமுறை மதிப்பை நீக்கியதும் படி தானாகவே நிறைவேறியது. நேரத்தை மட்டும் திருத்தினேன். அதன் பிறகு 'அ'வைத் திறந்தபோது முதற்பகுதி மட்டும் செத்ததாகக் காட்டியது. களத்தில் டிடெக்டரால் மூன்று ஃபேஸ்களிலும் சோதித்து, எர்த் செய்து, பெர்மிட் வழங்கினோம். பணி இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

மாலையில் மீட்கும்போது 'அ', 'ஆ' இரண்டையும் மூடிய பின்னரே டை சுவிட்சைத் திறக்க வேண்டும் என்பதால், அந்த மூன்று சாதனங்களிலும் கைமுறை மதிப்பு ஏதும் இல்லையென்று இப்போதே பார்த்துவிட்டேன். அப்படியே அண்டை ஃபீடர்களையும் தேடியதில், இன்னொரு டை சுவிட்சும் அதே நாளிலிருந்து பூட்டப்பட்ட மதிப்போடு நின்றது. அதன் உண்மை நிலையைப் பார்த்துச் சொல்ல ஒருவர் புறப்பட்டிருக்கிறார்.