ஈ9 பெடல் ஸ்டீலில் கார்ட் கற்க மென்பொருள்: எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்?

ஆறாங்கம்பி கேட்டது:

வணக்கம். சாதாரண கிடார் ஓரளவு வரும். மேஜர், மைனர், செவன்த் கார்ட்களில் என்னென்ன சுரங்கள் என்பது தெரியும். இப்போது கையில் இருப்பது பத்துக் கம்பி பெடல் ஸ்டீல் (கம்பிமேல் உலோகப் பாரை வைத்து, பெடலாலும் முழங்கால் லீவராலும் சுருதியை மாற்றி வாசிப்பது): ஈ9 ட்யூனிங், 3 பெடல், 5 முழங்கால் லீவர், எம்மன்ஸ் அமைப்பு (பெடல்களும் லீவர்களும் வரும் வரிசை).

கிடாருக்கான கார்ட் ஃபைண்டர் ஒன்றில் ட்யூனிங்கை மாற்றிப் பார்த்தேன். கம்பிக்கு ஒரு ஃப்ரெட் காட்டுகிறது, பெடலைச் சொல்ல அதில் வழியே இல்லை. பெடல் ஸ்டீலுக்கென்றே எழுதிய இன்னொன்று ஜி மேஜருக்கு மட்டும் பக்கம் பக்கமாக நிலைகளைக் கொட்டுகிறது. அதில் பல காலால் செய்யவே முடியாதவை. எதை வைத்து வடிகட்டுவது? எந்த நிலைகளை முதலில் கற்பது? கேட்டு எழுதிப் பழக எந்த மென்பொருள் உதவும்?

லீவர்க்காரன்:

முதல் மென்பொருள் தவறு செய்யவில்லை, அதற்கு இந்த வாத்தியம் தெரியாது, அவ்வளவுதான். பார் நேராக இருக்கும்வரை எல்லாக் கம்பியும் ஒரே ஃப்ரெட். சாய்த்துப் பிடிக்கும் வித்தை லேப் ஸ்டீலில் பெரிய விஷயம். இங்கே அந்த வேலையைப் பெடல் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதற்கு உங்கள் காலைத் தெரியாது.

வேறு செயலி தேடுவதைவிட ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் நீங்களே செய்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. செய்து முடிக்கும்போது உங்கள் கோபிடன்ட், அதாவது எந்தப் பெடலும் லீவரும் எந்தக் கம்பியை எவ்வளவு மாற்றும் என்ற அட்டவணை, மனதில் ஏறியிருக்கும்.

1ஆம் கம்பி முதல் 10 வரை ஓப்பன் சுரங்களின் மிடி எண்களை (செமிடோனுக்கு ஒன்றாக ஏறும் சுர எண்) ஒரு நெடுவரிசையில் போடுங்கள்: 66, 63, 68, 64, 59, 56, 54, 52, 50, 47. அதாவது எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. முதல் இரண்டு கம்பிகளும் மூன்றாவதைவிடத் தாழ்ந்தவை. எண்கள் ஒழுங்காக இறங்கவில்லையே என்று திருத்திவிடாதீர்கள்.

அடுத்து பெடலுக்கும் லீவருக்கும் ஆளுக்கொரு நெடுவரிசை. எத்தனை செமிடோன் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதை எண்ணாகப் போட வேண்டும். ஏ பெடல் 5, 10ஆம் கம்பிகளில் +2. பி பெடல் 3, 6இல் +1. சி பெடல் 4, 5இல் +2. எஃப் லீவர், அதாவது இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளுவது, 4, 8இல் +1. ஈ லீவர், அதே முழங்கால் வலப்பக்கம், 4, 8இல் −1. மேலே தூக்கும் வி லீவர் 5, 10இல் −1. வலது முழங்கால் லீவர்கள் கிடாருக்குக் கிடார் மாறும். ஏதோ ஒரு படத்தைப் பார்த்து எழுதாமல் ட்யூனரில் அளந்து எழுதுங்கள். மேல் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் 1 அல்லது 0 என்று ஒரு சுவிட்ச்.

இப்போது ஒவ்வொரு கம்பிக்கும் கணக்கு: ஓப்பன் எண் + ஃப்ரெட் + அழுத்தியவற்றில் மிகப் பெரிய ஏற்றம் + அழுத்தியவற்றில் மிகப் பெரிய இறக்கம் − கார்டின் மூலச் சுரம். விடையை 12ஆல் வகுத்தால் வரும் மீதிதான் வேண்டியது. 0 மூலம், 3 மைனர் மூன்றாவது, 4 மேஜர் மூன்றாவது, 7 ஐந்தாவது, 10 செவன்த். ஜி கார்டுக்கு மூலமாக 43 போட்டு, பெடல் இல்லாமல் ஃப்ரெட் 3 கொடுத்தால் 8, 6, 5ஆம் கம்பிகளில் 0, 4, 7 வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ எண் தவறு.

ஏற்றங்களைக் கூட்டாமல் ஏன் பெரியதை மட்டும் எடுக்கிறோம் என்றால், கம்பியை இழுத்துச் சுருதியை மாற்றும் சேஞ்சர் என்ற பொறியின் இயக்கம் அப்படி. எஃப் லீவரும் சி பெடலும் சேர்ந்தால் 4ஆம் கம்பி ஈ-யிலிருந்து 3 செமிடோன் ஏறி ஜி ஆகாது. எந்த இழுப்பு அதிக தூரம் போகிறதோ அதிலேயே, எஃப் ஷார்ப்பில், நின்றுவிடும். கூட்டல் கணக்குப் போடும் செயலிகள் இந்த இடத்தில் இல்லாத கார்ட்களை உற்பத்தி செய்கின்றன. ஏற்றமும் இறக்கமும் ஒரே கம்பியில் மோதினால் மட்டும் கூட்டலாம்: ஏ பெடலும் வி லீவரும் சேர்ந்தால் 5ஆம் கம்பி +2 −1, ஆக சி. அதுவும் உங்கள் கிடாரில் இந்தச் சேர்க்கைச் சுரத்தைச் சரிசெய்யும் ஸ்ப்ளிட் ட்யூனிங் திருகு இருந்து சரியாகத் திருப்பியிருந்தால்தான் சுருதியில் நிற்கும்.

இனி வடிகட்டல். 8 சுவிட்ச், 12 ஃப்ரெட் என்றால் 256 × 12 = 3072 நிலை. ஆனால் இடது பாதம் பக்கத்துப் பெடல்களை மட்டுமே சேர்த்து மிதிக்கும்: ஒன்றுமில்லை, ஏ, பி, சி, ஏ+பி, பி+சி என 6 வழி. இடது முழங்கால் 4 வழி, வலது 3 வழி. 6 × 4 × 3 × 12 = 864. உங்கள் செயலி கொட்டிய குப்பையில் பெரும்பகுதி இங்கேயே போய்விடும். மிச்சத்தில் 3-4-5, 4-5-6, 5-6-8, 6-8-10 என்ற நான்கு கிரிப்களில் (சேர்த்து மீட்டும் கம்பிக் கூட்டங்களில்) கார்டின் மூன்று சுரமும் விழுபவற்றை மட்டும் வையுங்கள்.

பார்முனை:

கணக்கு சரி. ஆனால் 864ஐ நாற்பதாகக் குறைத்தாலும் பட்டியல் பட்டியல்தான். மென்பொருளிடம் "ஜி மேஜர் எங்கெல்லாம் இருக்கிறது" என்று கேட்பது கிடார்க்காரரின் கேள்வி. "பாரை நகர்த்தாமல் ஃப்ரெட் 3இல் என்னென்ன இருக்கிறது" என்று திருப்பிக் கேளுங்கள். வருவது இது:

பெடல் இல்லாமல் ஜி. ஏ பெடல் மட்டும் மிதித்தால் ஈ மைனர். ஏ+பி என்றால் சி. பி+சி என்றால் ஏ மைனர். ஈ லீவர் மட்டும் என்றால் பி மைனர். பி பெடலோடு ஈ லீவர் சேர்ந்தால் டி7. 4-5-6 கிரிப்பில் மூலம், மூன்றாவது, செவன்த் மூன்றும் கிடைக்கும், ஐந்தாவது இல்லாதது குறையாகத் தெரியாது. ஜி ஸ்கேலின் முக்கியக் கார்ட்கள் எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தன. ஏ பெடலோடு எஃப் லீவர் என்றால் ஈ மேஜர், ஏ மைனருக்குப் போகும் வாசல். எஃப் லீவர் மட்டும் என்றால் 5, 6, 8, 9ஆம் கம்பிகளில் டிமினிஷ்ட். மூன்று ஃப்ரெட்டுக்கு ஒருமுறை அதே சுரங்கள் திரும்ப வரும். ஏ+பி+எஃப் என்றால் ஆக்மென்டட்.

இது கையில் வந்த பிறகு ஒரே மேஜர் கார்டை மூன்று இடத்தில் பிடியுங்கள். ஜி என்றால் ஃப்ரெட் 3 பெடல் இல்லாமல், ஃப்ரெட் 6 ஏ+எஃப், ஃப்ரெட் 10 ஏ+பி. எந்த மேஜருக்கும் இதே இடைவெளிதான்: முதல் இடத்திலிருந்து 3 ஃப்ரெட் தள்ளி, பிறகு 7 ஃப்ரெட் தள்ளி. மைனருக்கும் மூன்று இடம். ஏ மைனர் ஃப்ரெட் 1இல் ஈ லீவர், 3இல் பி+சி, 8இல் ஏ பெடல். பி+சி-யில் ஒரு பொறி உண்டு. சி பெடல் 8ஆம் கம்பியைத் தொடாது. 5-6-8 கிரிப்பில் எடுத்தால் மூலம் விழாது, ஏ+பி தரும் அதே மேஜர்தான் கேட்கும். வெறும் மைனர் வேண்டுமென்றால் 3-4-5 அல்லது 4-5-6.

ஷீட்டில் இன்னொரு நெடுவரிசை சேருங்கள்: முந்தைய கார்டிலிருந்து இதற்கு வர எத்தனை பெடல், லீவர் மாறுகிறது, பார் எத்தனை ஃப்ரெட் நகர்கிறது. அதை வைத்து வரிசைப்படுத்தினால் நல்ல பாதைகள் தாமாக மேலே வரும். பின்னணி இசை உருவாக்கும் பேண்ட்-இன்-எ-பாக்ஸ் மென்பொருளில் ஜி, ஈ மைனர், ஏ மைனர், டி7 என்று நான்கு மெஷர் போட்டு நிமிடத்துக்கு 60 துடிப்பில் ஓட விட்டு, ஃப்ரெட் 3ஐ விட்டு அசையாமல் வாசித்துப் பாருங்கள். சிக்கல் ஈ மைனரிலிருந்து ஏ மைனருக்குப் போகும் இடத்தில் வரும்: பாதம் ஏ-யை விட்டு பி, சி இரண்டின் மேலும் சாய வேண்டும். ஷூவின் அடி வழுக்கினால் பி மட்டும் அழுந்தி சஸ்பெண்டட் போல ஒன்று கேட்கும்.

செயலியில் டே அமைப்பு தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே இருவர் பெயரிலும் வழங்கும் இந்த இரண்டு அமைப்புகளில் பெடல் வரிசை நேர் எதிர். கார்டின் சுரங்கள் மாறாது, பாதம் சாயும் திசை மாறும். எம்மன்ஸில் ஏ பெடல் இடது ஓரம், எஃப் லீவரும் இடப்பக்கம். ஏ+எஃப் பிடிக்கும்போது கணுக்காலும் முழங்காலும் ஒரே பக்கம் போகும். படத்தில் ஏ பெடல் வலது ஓரத்தில் தெரிந்தால் தவறான அமைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆறாங்கம்பி:

ஃப்ரெட் 3 வேலை செய்கிறது, நன்றி. ஆனால் ஃப்ரெட் 6 ஏ+எஃப் மட்டும் பேக்கிங் டிராக்கோடு சேர்வதில்லை. கோட்டுக்கு நேர் மேலேதான் பாரை வைக்கிறேன், தாழ்வாகக் கேட்கிறது. ட்யூனரில் எல்லாம் பச்சை. சேஞ்சரில் கோளாறா?

சுருதிப்பெட்டி:

கோளாறு இல்லை. எதை வைத்து ட்யூன் செய்தீர்கள் என்பதுதான் விஷயம். பீட்டர்சன் ட்யூனரின் எஸ்ஈ9 போன்ற, கார்ட் இனிமையாகக் கேட்கச் சுரங்களைச் சற்று நகர்த்தும் ஸ்வீட்டன்ட் அமைப்பில், அல்லது காதால் அதிர்வு நீக்கி வைத்திருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

மென்பொருளின் பியானோவும் பேஸும் எல்லாச் செமிடோனும் ஒரே அளவாக இருக்கும் சமப்பகிர்வு சுருதியில் ஓடுகின்றன. ஸ்டீலில் மேஜர் மூன்றாவதை அலையில்லாமல் வைத்தால் அதைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்வு (ஒரு செமிடோன் 100 சென்ட்). ஈ-யைச் சுழியாக வைத்துக் கணக்குப் பாருங்கள். பி பெடலின் ஏ சுரம் சுமார் −2. ஏ பெடல் தரும் சி ஷார்ப் அதன் மூன்றாவது, ஆக −16. எஃப் லீவரின் சுரம் அந்த சி ஷார்ப்புக்கு மூன்றாவது, ஆக −30. ஏ+எஃப் கார்டின் மூலமே −16இல் உட்கார்ந்திருக்கிறது. கார்ட் தனக்குள் சுத்தம், ஆனால் மொத்தமாகத் தாழ்வு.

தீர்வு பாரில். 24 அங்குல ஸ்கேலில் ஃப்ரெட் 6 அருகே 16 சென்ட் என்பது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். கோட்டைத் தாண்டி அந்த அளவு பாலத்தின் பக்கம் வையுங்கள். மேலே போகப் போக இந்தத் தூரம் சுருங்கும், ஃப்ரெட் 18இல் 2 மில்லிமீட்டர்தான். பலர் ஈ கம்பிகளையே 8 அல்லது 10 சென்ட் உயர்த்தி வைத்து இந்தத் தாழ்வைப் பாதியாகப் பங்கிடுகிறார்கள். பேக்கிங் டிராக்கோடு அதிகம் பழகுபவருக்கு அது வசதி.

ட்யூனரை வைத்து இன்னொன்றையும் பாருங்கள். 4ஆம் கம்பியை மீட்டிவிட்டு ஏ+பி மிதியுங்கள். அந்தப் பெடல்களுக்கும் அந்தக் கம்பிக்கும் தொடர்பே இல்லை, இருந்தும் சில சென்ட் இறங்கும். இழுப்பின் பாரத்தில் உடற்பகுதி வளைவதால் வரும் கேபினட் டிராப் அது. எந்தக் கார்ட் மென்பொருளிலும் இது இருக்காது.

லீவர்க்காரன்:

கேட்டு எழுதுவது பற்றி யாரும் சொல்லவில்லை. சார்டிஃபை மாதிரி தானாகக் கார்ட் சொல்பவை மொத்த பேண்டின் கார்டைச் சொல்லும், ஸ்டீல்காரர் எந்த மூன்று கம்பியை எடுத்தார் என்பதைச் சொல்லாது. வால்யூம் பெடலால் சுரத்தின் தொடக்கமே மழுங்கியிருப்பதால் நேரத்திலும் குழம்பும். "டிரான்ஸ்கிரைப்!" அல்லது அமேசிங் ஸ்லோ டவுனரில் பாதி வேகத்துக்குக் குறைத்து ஒரு மெஷரை மட்டும் சுழல விடுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றே: சறுக்கலில் ஏதாவது ஒரு சுரம் அசையாமல் நிற்கிறதா? எல்லாம் சேர்ந்து ஏறினால் பார் நகர்ந்தது. ஒன்று நின்று மற்றது ஏறினால் பெடல். நிற்கும் சுரத்துக்கு மேலே ஒன்று 2 செமிடோனும் இன்னொன்று 1 செமிடோனும் சேர்ந்து ஏறினால் அனேகமாக ஏ+பி, அப்படியானால் நிற்பது 8ஆம் கம்பி, கிரிப் 5-6-8. அந்த 8ஆம் கம்பிச் சுரத்தின் எண்ணிலிருந்து 52ஐக் கழித்தால் ஃப்ரெட் வந்துவிடும்.

எழுதி வைக்க டேப்எடிட் போதும், அதில் பெடல் ஸ்டீலுக்கு வசதி இருக்கிறது. பெடல் எழுத்தை ஃப்ரெட் எண்ணுக்குப் பக்கத்தில் போடுவது வழக்கம்: 3ஏ, 3பி. வேறு டேப் மென்பொருள் பலவற்றில் பெடலை வெறும் எழுத்தாகத்தான் சேர்க்க முடியும். திரும்ப ஓட விட்டால் பெடல் இல்லாத சுரமே ஒலிக்கும், அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டாம்.

பார்முனை:

ஒரு சேர்க்கை. 5, 6ஆம் கம்பிகள் ஏறும்போது மேலே ஒரு சுரம் நின்றால் அது 4ஆம் கம்பியாகவும் இருக்கலாம், கிரிப் 4-5-6. நிற்கும் சுரம் மற்ற இரண்டுக்கும் மேலேயா கீழேயா என்று கேட்டு, மேலே என்றால் 52க்குப் பதில் 64ஐக் கழியுங்கள்.