ஓணம் லீவுப் படம் – வடக்கு வீதி குடும்பக் குழு, கொழிஞ்சாம்பாறை

மல்லிகா அத்தை: சனிக்கிழமை சாயந்தரம் மாடி ஹால்ல பசங்களுக்கு ஃபைனல் ஃபேன்டசி 7 அட்வென்ட் சில்ட்ரன்ங்கற, வீடியோ கேமை வச்சு எடுத்த அனிமேஷன் படம் போடலாம்னு இருக்கோம். டிஸ்க் இன்னும் வாங்கலை. பிரவீனு, சுதா, என்னென்ன பார்த்துக்கோணும்னு சொல்லுங்க கண்ணுகளா.

பிரவீன்: அத்தை, வாங்கறதுக்கு முன்னாடி அட்டையைப் பாருங்க. ஒரே பேர்ல ரெண்டு படம் இருக்குதுங்க. 2005 செப்டம்பர்ல ஜப்பான்ல வந்தது 101 நிமிஷம். 2009ல ப்ளூரேல ‘கம்ப்ளீட்’னு வந்தது 126 நிமிஷம். ‘கம்ப்ளீட்’னு போட்டிருந்தா மட்டும் வாங்குங்க.

மல்லிகா அத்தை: சின்னதே போதாதா? பசங்க உக்காரோணுமே.

சுதா: போதாதுங்க அத்தை. பழைய படத்துல டென்சல்ங்கற பையன் நெத்தியில புண்ணோட வருவான், அவன் பின்கதை பெரிசா இருக்காது. அவன் யாரு, கதாநாயகன் கிளவுட் வீட்டுக்கு எப்படி வந்தான், ஒண்ணுமே புரியாது. கம்ப்ளீட்ல அவன் கதைக்கு இடம் கொடுத்திருக்காங்க. கிளவுட் எதுக்கு ஓடிப்போறான், எதுக்குத் திரும்பி வர்றான்ங்கறதுக்கு அந்தப் பையன்தான் காரணமே. அவன் இல்லைன்னா மிச்சம் இருக்கறது வெறும் சண்டைதான்.

சுதா: ஒண்ணு மட்டும் கவனம். கம்ப்ளீட்ல ரத்தம் ஜாஸ்தி. கடைசிச் சண்டையில வில்லன் செஃபிரோத் வாளால குத்தறது நல்லாவே தெரியும். பத்து வயசுக்குக் கீழ இருக்கறதுகளைப் பெரியவங்க பக்கத்துல உக்கார வச்சுக்குங்க.

கதிர்வேல் மாமா: எந்த மெஷின்ல போடறீங்க?

மல்லிகா அத்தை: துபாயில இருந்து தம்பி கொண்டுவந்த பிஎஸ்5 கேம் மெஷினுங்க மாமா.

கதிர்வேல் மாமா: அப்படின்னா இதைக் கேட்டுக்குங்க. கேம் டிஸ்க் எந்த நாட்டுது போட்டாலும் அதுல ஓடும். படத்து டிஸ்க் அப்படி இல்லை. ப்ளூரேக்கு உலகத்தை மூணாப் பிரிச்சு வச்சிருக்கான். அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் ஏ. ஐரோப்பாவும் வளைகுடாவும் பி. இந்தியா சி. துபாய் மெஷின் பி மண்டலம். அமெரிக்க ப்ளூரேல ஏ பூட்டுப் போட்டிருந்தா, டிஸ்க்கை உள்ளே எடுத்துக்கும், மண்டலம் சரியில்லைன்னு சொல்லி நிறுத்திரும். மெஷின் ரிப்பேர்னு நினைச்சுக் கழட்டிராதீங்க.

மல்லிகா அத்தை: அப்ப என்ன பண்றது?

கதிர்வேல் மாமா: 4கே டிஸ்க் வாங்குங்க. 2021ல வந்துச்சு, கம்ப்ளீட்தான். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டே கிடையாது. சாதா ப்ளூரே டப்பா நீல நிறம், 4கே டப்பா கறுப்பு. பிஎஸ்5ல ஓடும். பிஎஸ்4ல ஓடாது, ப்ரோவா இருந்தாலும் ஓடாது. இன்னொண்ணு, உங்க மெஷின்ல டிஸ்க் போடற வாய் இருக்குதான்னு பாருங்க. தனியா மாட்டற டிரைவா இருந்தா முதல் தடவை இன்டர்நெட் கொடுத்து இணைக்கோணும், சனிக்கிழமை வரைக்கும் அதை விடாதீங்க.

மல்லிகா அத்தை: வாய் இருக்குதுங்க. ஆனா எங்க டிவி 4கே இல்லையே.

கதிர்வேல் மாமா: பரவாயில்லை, மெஷினே குறைச்சுக் கொடுத்துரும். படம் கொஞ்சம் மங்கலா இருக்கலாம். இந்தப் படமே சாம்பலும் கறுப்புமாத்தான் இருக்கும், ஜன்னல் திரையை இழுத்து விட்டுருங்க.

நித்யா: அத்தை ஒரு நிமிஷம். இந்தக் கதையை மூணு பாகமாப் புதுசாச் செய்யற கேம்ல, பசங்க ஆடினது முதல் ரெண்டு பாகம், ரீமேக்கும் ரீபர்த்தும் மட்டும்தான். இந்தப் படத்தைப் பார்த்தா மூணாவது பாகத்துக்கு உண்டான முடிவு முன்னாடியே தெரிஞ்சு போகுமே?

பிரவீன்: நித்யா சொல்றதுதான் இதுல பெரிய விஷயம். இந்தப் படம் 1997ல பிஎஸ்1ல வந்த பழைய கேமோட தொடர்ச்சி. அந்தக் கதை முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு நடக்குது. பழைய கேம் மூணு டிஸ்க். ரீபர்த் முடியற இடம் அதுல முதல் டிஸ்க் முடியற இடம். அப்ப மிச்ச ரெண்டு டிஸ்க்குல நடக்கறது பூராவும் இந்தப் படத்துக்கு முன்கதை ஆயிருது. உலகத்து மேல விழ வந்த மீட்டியோர் கல் என்ன ஆச்சு, மிட்கார் நகரம் என்ன ஆச்சு, ஷின்ரா கம்பெனி என்ன ஆச்சுன்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே மார்லீன்ங்கற சின்னப் பொண்ணு சொல்லிருவா.

நித்யா: கிளவுடோட சிநேகிதன் ஜாக் விஷயம் அதை விடக் குழப்பம். ரீபர்த்ல ஜாக் வேற ஒரு உலகத்துல உயிரோட சுத்தறான். படத்துல அவன் செத்துப்போனவன். ஊருக்கு வெளிய குன்றுமேல நட்டு வச்சிருக்கற துருப்பிடிச்ச வாள்தான் அவனுக்கு நினைவுச்சின்னம். சொல்லாம விட்டா பசங்க படம் முழுக்க அதையே கேட்டுட்டு இருப்பாங்க.

மல்லிகா அத்தை: அப்ப வேண்டாம்ங்கறீங்களா?

பிரவீன்: வேண்டாம்னு சொல்லலைங்க. பழைய கேமை ஆடிட்டுப் பார்க்கட்டும்ங்கறேன். பிஎஸ்4க்கு வந்த பதிப்பு பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையில கிடைக்குது, பிஎஸ்5லயும் ஓடும். கன்ட்ரோலர்ல இடது குச்சியை அமுக்கினா மூணு மடங்கு வேகம். வலது குச்சி சண்டையில உயிரையும் சக்தியையும் நிரப்பிக்கிட்டே இருக்கும். ரெண்டையும் சேர்த்து அமுக்கினா வழியில சும்மா வர்ற சண்டையே வராது. நிதானமா ஆடினா 35, 40 மணி நேரம் பிடிக்கற கதை, இப்படி ஆடினா லீவுக்குள்ள முடிஞ்சிரும்.

நித்யா: அதுல மாட்டிக்கற இடமும் சொல்லுங்க. வழிச் சண்டையை மொத்தமா அணைச்சுட்டா லெவல் ஏறாது. பெரிய எதிரிகிட்ட போனதும் ரெண்டு அடியில காலி. அங்க மட்டும் வலது குச்சியைப் போட்டுக்கோணும். சேவ் தானா ஆகாது. சேவ் இடத்துலயோ உலக வரைபடத்துலயோ கையால பண்ணோணும். நம்ம ஊர்ல கரண்ட் போனா போனதுதான்.

சுதா: வேகத்தை எல்லா இடத்துலயும் வைக்க வேண்டாம்னும் சொல்லி வைங்க. கிளவுடோட சொந்த ஊர் நிபல்ஹைம் பழங்கதை, அவன் கூட்டாளி ஏரித் கடைசியா வர்ற இடம், கிளவுட் மனசுக்குள்ள அவன் தோழி டீஃபா நுழையற இடம், இந்த மூணும் சாதா வேகத்துலதான் பார்க்கோணும். படத்துல கிளவுட் ஏன் யார்கிட்டயும் பேசாம பைக்கை எடுத்துட்டுப் போறான்ங்கறதுக்குப் பதில் அங்கதான் இருக்குது. ஏரித்தைக் காப்பாத்த முடியலை, ஜாக்கையும் காப்பாத்த முடியலை. இப்ப டென்சலும் கண்ணு முன்னாடி போயிருவான்னு பயப்படறான்.

மல்லிகா அத்தை: அந்த நோய் என்னது? பையனுக்கு நெத்தியில கறுப்பா.

சுதா: ஜியோஸ்டிக்மாங்க அத்தை. செத்தவங்க உயிர் போய்ச் சேர்ற லைஃப்ஸ்ட்ரீம்ல, வேற உலகத்துல இருந்து வந்த ஜெனோவாங்கற ஜீவனோட மிச்சமும் கலந்திருக்கு. அது உடம்புக்குள்ள வந்ததும் உடம்பு அதை வெளியே தள்ளப் பார்த்து, அளவு மீறிப் போராடி, தன்னையே கெடுத்துக்குது. கிளவுட் இடது கையைக் கவனிக்கச் சொல்லுங்க. அந்தக் கையை மட்டும் கறுப்புத் துணியால மூடியிருப்பான். அவனுக்கும் அதே நோய், வீட்டுல சொல்லலை. அதே கையில ஏரித் நினைவா ஒரு ரிப்பனும் கட்டியிருப்பான். மத்த கூட்டாளிகளும் ஆளுக்கு ஒரு இடத்துல அதைக் கட்டியிருப்பாங்க, பசங்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

பிரவீன்: வில்லன் கூட்டத்துல இருக்கற லாஸோட போன் மணியையும் கேட்கச் சொல்லுங்க. கேம்ல சண்டை ஜெயிச்சதும் வர்ற அதே இசை.

கதிர்வேல் மாமா: சத்தம்னதும் ஞாபகம் வருது. டிவி ஸ்பீக்கர்லதான் போடறீங்கன்னா மெஷின்ல ஆடியோ அவுட்புட்டை டிவின்னு வைங்க. அஞ்சு ஸ்பீக்கருக்கு வந்த ஒலியைச் சரியா மடிக்கலைன்னா வாள் சத்தம் காதைப் பிளக்கும், பேச்சு கேட்காது. டிவியில அசைவை வழவழன்னு ஆக்கற வசதி ஏதாவது இருந்தா அணைச்சுருங்க. படம் நொடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுவுல தானா ஃபிரேம் சேர்த்தா பைக் சண்டையில வாள் ஓரமெல்லாம் கரைஞ்சு தெரியும்.

சுதா: ஆமாங்க மாமா, அந்த வாளைத் தெளிவாப் பார்க்கோணும். ஆறு வாள், ஒண்ணோட ஒண்ணு பூட்டி ஒரே பெரிய வாளாகும். பைக் ரெண்டு பக்கமும் திறந்து அதுக்குள்ள இருந்துதான் எடுப்பான். பஹமூத்ங்கற பெரிய டிராகனோட நடக்கற சண்டையில கிளவுட் மேல ஏறிட்டே இருப்பான், கூட்டாளிங்க ஒவ்வொருத்தரா நடுவானத்துல கையைப் பிடிச்சு இன்னும் மேல வீசுவாங்க. கடைசியா நீளற கை ஏரித்தோடது. கேம் ஆடாதவங்களுக்கு அது யாரோ ஒரு பொண்ணு கை. ஆடினவங்களுக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

பிரவீன்: செஃபிரோத் வரும்போது வர்ற பாட்டும் நொபுவோ உஎமாட்சு 97ல போட்டதேதான். இதுல ராக் கிதார் சேர்த்து மாத்தியிருப்பாங்க. அந்த இடத்துல சத்தத்தைக் குறைக்காதீங்க அத்தை.

மல்லிகா அத்தை: வாசகசாலையில பெரிய திரையில போட்டா இன்னும் நிறையப் பிள்ளைக பார்க்குமே?

பிரவீன்: டிஸ்க் வாங்கினா வீட்டுல பார்க்கத்தாங்க உரிமை. பொது இடத்துல போடோணும்னா காட்சி உரிமை தனியா வாங்கோணும். மாடி ஹாலே போதும்.

கதிர்வேல் மாமா: இன்வெர்ட்டர்ல பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் பக்கம் தள்ளி வைங்க. இகோ பக்கம் இருந்தா கரண்ட் மாறற நேரத்துல மெஷின் அணைஞ்சுரும். டிஸ்க் விட்ட இடத்துல இருந்து தொடங்காமலும் போகலாம், அத்தியாய நம்பரை யாராவது குறிச்சுட்டே இருங்க.

மல்லிகா அத்தை: சரி கண்ணுகளா, படத்தை லீவோட கடைசி ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வைக்கறேன். இந்தச் சனிக்கிழமை பழைய கேமை ஏத்திக் கொடு பிரவீனு.

பிரவீன்: வர்றேனுங்க அத்தை. ஜப்பான் பேச்சு, இங்கிலீஷ் எழுத்து வச்சுப் பார்க்கலாம். சின்னதுகளுக்கு நித்யா பக்கத்துல உக்காந்து சொல்லட்டும்.

நித்யா: சரிண்ணா. ஜாக் விஷயத்தை மட்டும் படம் போடறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.