நர்சரியிலிருந்து கடிதம், கூட்டத்துக்குக் கவுன்சில் ஆளும் வருகிறாராம். என்ன செய்வது?

வலங்கைமான்_அம்மா:
தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். நாங்கள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பையனுடைய நர்சரியிலிருந்து கடிதம், வியாழக்கிழமை கூட்டமாம். டீச்சர், ஹெல்த் விசிட்டர் என்கிற குழந்தை நல நர்ஸ், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், கவுன்சில் என்கிற உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா என்று எல்லோரும் வருவார்களாம். கூடவே ஒரு சம்மதப் படிவம். இவனுக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். ‘தண்ணி’, ‘வா’ மட்டும் சொல்வான், கார் பொம்மைகளை சுவரோரமாக வரிசை வைத்துக்கொண்டே இருப்பான், யாராவது ஒன்றை நகர்த்தினால் போச்சு, அரை மணி நேரம் அழுகை. இதற்கு எதற்கு இத்தனை பேர்? நாங்கள் பிள்ளையை அடித்ததுகூடக் கிடையாது. கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா? ஊருக்கே திரும்பிவிடலாமா என்று இவர் கேட்கிறார்.

கொரடாச்சேரிக்காரன்:
பயப்படாதே தங்கச்சி, முதல் குளிர்காலம் எல்லோருக்கும் இப்படித்தான். எங்களுக்கு ஹீட்டர் வேலை செய்யாத வீடு, குழந்தைக்கு ஓயாத இருமல், ஜி.பி. என்கிற ஏரியா டாக்டரிடம் பதியப் போனால் முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சான்று கட்டாயமே கிடையாது, அதைச் சொல்லத்தான் ஆளில்லை. முதலில் ஜி.பி.யில் பதிந்துவிடு. வீட்டில் ஈரம் படிகிறதா பார்.

நீடாமங்கலத்துத்_தம்பி:
அக்கா, எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. நார்வேயில் 2011-ல் நம் நாட்டுத் தம்பதியின் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்களே. டெல்லி வரை பேசி, மறு வருஷம்தான் இந்தியாவுக்கு வந்தார்கள்.

மன்னார்குடி_மாமா:
எந்த நாடு, பையனுக்கு என்ன வயசு, என்ன விசா என்று எதுவுமே சொல்லவில்லையே அம்மா. ஹெல்த் விசிட்டர் என்றால் பிரிட்டனாகத்தான் இருக்கும். தம்பி, நார்வேயை இதில் இழுக்காதே. கையெழுத்துப் போடாவிட்டால் உதவிதான் தள்ளிப்போகும்.

நீடாமங்கலத்துத்_தம்பி:
தள்ளிப்போகட்டும் மாமா. பிள்ளை கையில் இருந்தால் போதும்.

கொரடாச்சேரிக்காரன்:
உதவி என்று சொல்கிறார்களே தவிர, எங்கள் பெண்ணுக்கு ஒவ்வொருவரிடமும் அதே கதையை முதலிலிருந்து சொன்னோம். ஆஸ்பத்திரி எழுதியது பள்ளிக்குப் போகவில்லை, பள்ளி எழுதியது ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காத்திருப்புப் பட்டியலோ முடிவே இல்லை. ஊரில் இருந்திருந்தால் தஞ்சாவூர் போய் ஒரே நாளில் டாக்டரைப் பார்த்திருப்போம்.

பாபநாசம்_அங்கன்வாடி_டீச்சர்:
ஊரிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் ஒருவர் பார்த்தால் முடிகிற காரியமில்லை சார். ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கும், சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுக்கும். பஸ் ஏறி அங்கே போவதற்கே அம்மாக்கள் தயங்குவார்கள், நான் கூடவே போயிருக்கிறேன். பேச்சு தாமதமா, காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டு போனீர்களா?

வலங்கைமான்_அம்மா:
இங்கிலாந்துதான் மாமா. மூணு வயசு முடிந்துவிட்டது. எனக்கு வேலை விசா, இவர் அதில் டிபெண்டன்ட். அட்டை இருக்கிறது டீச்சர். வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு வரவில்லையா?

திருத்துறைப்பூண்டி_அக்கா:
நான் இங்கே பள்ளியில் சிறப்புத் தேவைப் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன் மா.

நீ சொல்வதைப் பார்த்தால் இது பிள்ளையை எடுக்கிற கூட்டமில்லை. இதை ‘டீம் அரவுண்ட் த சைல்ட்’, பிள்ளையைச் சுற்றி ஒரு குழு, என்பார்கள். கொரடாச்சேரி அண்ணன் பட்ட அதே அலைச்சல் வராமலிருக்கத்தான் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறார்கள். உன் சம்மதத்தோடுதான் நடக்கும், படிவமும் அதற்குத்தான். ஆபத்து என்று சந்தேகப்பட்டு விசாரிப்பது 1989 குழந்தைகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, அது வேறு வழி. கடிதத்தில் அந்த எண் இருந்தால் உடனே இங்கே சொல்.

படிவத்தை முழுக்கப் படி, யார் யாரிடம் தகவல் போகும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று இன்றைக்கே நர்சரிக்கு போன் பண்ணு, உனக்குச் செலவில்லை. டீச்சர் சொன்ன அட்டையை எடுத்துப் போ. காது பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேள். கார் அடுக்குவதை போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடு, அது நிறைய சொல்லும். முடிவில், எங்கள் பிள்ளைக்குப் பொறுப்பு யார், யாருக்கு போன் செய்வது என்று கேட்டு அந்த ஒரு பெயரை எழுதி வாங்கிக்கொள். பெயரில்லாமல் கலையும் கூட்டத்தில் எதுவும் நகராது, நான் பார்த்ததுதான்.

நர்சரியில் சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக சென்கோ என்று ஒருவர் இருப்பார், அவரையும் வரச் சொல். அது போதாது என்றால் இ.ஹெச்.சி.பி., அதாவது பிள்ளைக்கு என்னென்ன உதவி என்று சட்டப்படி எழுதித் தரும் திட்டத்துக்கு நீயே கவுன்சிலில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீடு செய்வதா என்று 6 வாரத்தில் சொல்ல வேண்டும், திட்டம் 20 வாரத்துக்குள் என்பது சட்டம். தாமதமாகும், விடாமல் கேள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்று சிறப்புத் தேவைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இலவச ஆலோசனை உண்டு, கூட்டத்துக்கு முன்பே பேசிவிடு. இதெல்லாம் உங்கள் விசாவைத் தொடாது. ‘டி.எல்.ஏ.’ என்கிற மாற்றுத்திறன் அரசு உதவிப் பணத்துக்கு மட்டும் விசா விதி பார்க்காமல் விண்ணப்பிக்காதே.

தமிழை நிறுத்தாதே. இரண்டு மொழியால் பேச்சு தாமதமாவதில்லை. நர்சரியில் யாராவது ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னால் பேச்சுப் பயிற்சியாளரிடமே கேள், வீட்டு மொழியைத் தொடரத்தான் சொல்வார்.

வலங்கைமான்_அம்மா:
கடிதத்தில் 47 இல்லை அக்கா, ‘ஏர்லி ஹெல்ப்’, ஆரம்பத்திலேயே உதவி, என்றுதான் இருக்கிறது. இவருக்குப் புதன் ராத்திரி ஷிப்ட், காலையில் நேராக வந்துவிடுகிறேன் என்கிறார். நர்சரிக்கு இப்போதே போன் பண்ணுகிறேன்.